சீனி இல்லாத வீடு

தாதியப் பயிற்சியின் இரண்டாம் வருடத்தில், வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும் எங்களுக்கு ஒரு பாடம். எனக்கும் என்னோடு படித்த தோழிக்கும் இறக்கக்கண்டியில் ஒரு வீடு கிடைத்தது. அங்கே எழுபது தாண்டிய ஐயாவும் அவருடைய மனைவியும் மட்டும்தான். ஐயா முன்பு கடலுக்குப் போனவர். இப்போது நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார்.

முதல் முறை போனபோது அந்த அம்மாவை இருத்தி வைத்து அரை மணித்தியாலம் பேசினேன். சீனியைக் கண்ணிலும் காட்டக் கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும், குரக்கன் நல்லது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அறிக்கையில் ‘சுகாதாரக் கல்வி வழங்கப்பட்டது’ என்று எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணியிருக்கும். படலையைத் திறக்கும்போதே ஐயாவின் சத்தம் கேட்டது. போன முறை பகிடி விட்டு எங்களைச் சிரிக்க வைத்தவர், விறாந்தைக் கதிரையில் இருந்தபடி என்னை யாரோ போலப் பார்த்தார்.

“ஆர் நீ? போ வெளியில!”

“அவரை விடுங்கோ பிள்ளை,” என்றார் அம்மா. “காலமையிலயிருந்து கோவம். குரக்கன் புட்டு வேண்டாமெண்டு கோப்பையைத் தள்ளிப்போட்டார்.”

“குளிசை போட்டவரா?”

“ஓம். அதை நேரத்துக்குக் குடுத்திட்டன்.”

ஐயாவின் சட்டை வியர்வையில் தோய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின. சாப்பிடாமல் குளிசை போட்டதில் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்க வேண்டும். தோழி இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவியோடு குனிந்தாள். அவர் கையை வீச, கருவி பறந்து போய் முற்றத்து மணலில் விழுந்தது. அதோடு அவருடைய சத்தமும் அடங்கியது. தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. விழுங்கும் நினைவு போய்விட்டால் பிறகு வாயில் எதுவும் ஊற்ற ஏலாது.

“அம்மா, சீனி கொண்டாங்கோ. கெதியா!”

அவர் அசையவில்லை. “சீனியோ? வீட்டில ஒரு துளி இல்லை. நீங்கள் சொன்ன அண்டைக்கே எல்லாத்தையும் அள்ளிக் குடுத்திட்டன்.”

தோழி ஐயாவைத் தாங்கிப் பிடித்தபடி அம்புலன்சுக்கு அழைத்தாள். நான் ஓடினேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டில் நாய் குரைத்ததே தவிர ஆள் வரவில்லை. மணலில் ஒரு செருப்பு கழன்று போனது. மூன்றாவது வீட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அக்கா, என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஈரக் கையோடு சீனிப் போத்தலை எடுத்துத் தந்தார்.

திரும்பி வந்தபோது ஐயாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. தண்ணீரில் சீனியைக் கரைத்துக் கொண்டுபோன என் கையை அம்மா இறுக்கிப் பிடித்தார்.

“சீனி வருத்தக்காரனுக்கு இதைக் குடுத்து ஏதும் நடந்தால்?”

“குடுக்காட்டித்தான் அம்மா நடக்கும். சீனி இறங்கினாலும் ஆபத்தெண்டு நான் அண்டைக்குச் சொல்லேல்லை. பிழை என்னிலதான்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்தார்.

முதல் மிடறு கடைவாயால் நாடியில் வழிந்தது. “விழுங்குங்கோ ஐயா, விழுங்குங்கோ,” என்று கெஞ்சினேன். தொண்டை அசைந்தது. இன்னொரு மிடறு. இன்னொன்று. காத்திருந்து இரண்டாவது கிளாஸையும் கொடுத்தோம். தோழி கருவியை மணல் தட்டி எடுத்துப் பார்த்தபோது அறுபத்திரண்டு காட்டியது. குறைந்தது எழுபதாவது இருக்க வேண்டும். இரண்டு கிளாஸுக்குப் பிறகே இவ்வளவுதான் என்றால் முதலில் எவ்வளவு இருந்திருக்கும்? நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். “என்ன பிள்ளையள், எப்ப வந்தனீங்கள்?”

அம்மா அழத் தொடங்கினார். அம்புலன்ஸ் வந்து ஐயாவை ஏற்றும் வரைக்கும், “சொன்னபடிதானே செய்தனான்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுட்டது.

ஐயாவை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, குளிசையைக் குறைத்து அனுப்பினார்கள். நான் எங்கள் ஆசிரியையிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். மறுகிழமை போக மனமில்லாமலே போனேன். அம்மா படலையைத் திறந்தார். ஆனால் சிரிக்கவில்லை.

“இண்டைக்கு என்ன சொல்லப் போறீங்கள்?”

“முதல்ல நீங்கள் சொல்லுங்கோ அம்மா. ஐயா என்னத்தை விரும்பிச் சாப்பிடுறவர்?”

அவர் வாய் திறக்க முதலே உள்ளேயிருந்து ஐயாவின் குரல் வந்தது. “இடியப்பமும் சொதியும் எண்டு சொல்லு!”

அம்மா உள்ளே பார்த்து முறைத்துவிட்டு, எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டார்.