தோல் வாஷரும் கிணற்றுத் தண்ணீரும்

விசுவநாதன் மேஜையிலேயே சாய்ந்துவிட்டார் என்று ஆபீஸ் பியூன் வந்து சொன்னபோது, அந்த மேஜை எனக்கு வந்திருக்க வேண்டியது என்ற எண்ணம்தான் முதலில் எழுந்தது. பி.ஏ. படித்த என்னைத் தாண்டி அவரை ஹெட் கிளார்க் ஆக்கினார்கள். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரிந்ததுதான். செத்தவரைப் பற்றி எழுதும்போது மட்டும் அதை மறைப்பானேன்?

பம்பாய் மாதுங்காவில் இருவருக்கும் ஒரே கட்டிடம். நான் மூன்றாம் மாடி, அவர் தம் வயதான தாயாருடன் இரண்டாம் மாடி. என் கூரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. யுத்த காலத்தில் ஒரு சமயம், காலையில் முனிசிபல் தண்ணீர் வந்ததும் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. என் மனைவி பிரசவித்துப் படுத்திருந்த அறையில் கூரை ஊறி, சுண்ணாம்பு கட்டிகட்டியாக விழுந்தது. குழந்தையின் தூளியை இடம் மாற்றி மாற்றிக் கட்டினோம்.

கட்டிடத்துச் சொந்தக்காரரான சேட் என் மூத்த பிள்ளைகள்மீது பழி போட்டார். தொட்டி நிரம்பியதும் குழாயை அடைக்கிற மிதவைப் பந்தைப் பிடித்துத் தொங்கி, அவர்கள்தான் கெடுத்துவிட்டார்களாம். "இன்னொரு தடவை வழிந்தால் மேலே போகிற குழாயை மூடிவிடுவேன். கீழே வந்து வாளியில் தூக்கிக்கொண்டு போங்கள்" என்று இந்தியில் கத்தினார். பக்கத்தில் நின்ற விசுவநாதன் அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வழிந்தது. சேட் கீழே குழாயருகில் வந்து நின்றுவிட்டார். நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். விசுவநாதனும் பின்னாலேயே ஏறி வந்தார். பந்து நன்றாக மிதந்தது; ஓட்டை இல்லை. அதன் கம்பியைக் கையால் முடிந்தமட்டும் மேலே தூக்கிப் பிடித்தேன். அப்போதும் குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்படியானால் கோளாறு வாயின் உள்ளேதான். அதைக் கழற்ற, கீழே தண்ணீரை நிறுத்த வேண்டும். குரல் கொடுத்தேன்.

"நிறுத்துகிறேன். திரும்பத் திறக்கும்போது ஒரு சொட்டு வழிந்தாலும் அதோடு சரி" என்றார் சேட்.

கழற்றினேன். தோல் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் வேட்டித் துணி மடித்துத் திணித்திருந்தது. நைந்து நூல்நூலாக வந்தது.

"இது யார் பண்ணின வேலை?"

"நான்தான். தோல் பட்ட ஜலத்தை அம்மா குடிக்கமாட்டா, ஓய். ரப்பர் இந்த யுத்தத்துல எங்கே கிடைக்கறது?"

"எங்காத்துக் குழந்தைகளை அவன் வைதப்போ உம்ம வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சொல்லியிருந்தா, கட்டிடமே திரண்டு வந்து அம்மாவுக்கு நியாயம் சொல்லும். அவ தாங்கமாட்டா. நீர் தாங்குவீர்."

நான் தாங்கவில்லை. கையில் திருகு சாவி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார். பிறகு குனிந்து, தொட்டியின் ஓரத்தில் கிடந்த செங்கலுக்கு அடியிலிருந்து பழைய தோல் வாஷரை எடுத்தார். காய்ந்து சுருண்டிருந்தது. அதைத் தண்ணீரில் முக்கிக் கட்டைவிரல்களால் நீவினார்.

"சீக்கிரம்."

"ஊறினாத்தான் உட்காரும்."

கீழே சேட் கத்திக்கொண்டிருந்தார். குழந்தையின் துணி அலசத் தண்ணீர் இல்லை என்று மனைவியின் குரல் கேட்டது. அவர் நீவிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வாஷரைப் பொருத்தி, திறக்கச் சொன்னோம். தண்ணீர் ஏறியது, பந்து ஏறியது. குழாய் வாயில் ஒரு சொட்டு தொங்கியது. விழவில்லை.

"நன்னா அடைச்சுடுத்து. இனிமே அம்மாவுக்கு இந்த ஜலம் ஆகாது" என்றார்.

சேட்டிடம் விசுவநாதன் "டீக் ஹோகயா", சரியாகிவிட்டது, என்றதோடு சரி. யார் செய்தது என்று சொல்லவில்லை. தாயாரிடம் மட்டும், தோல் வாஷர் போட்டதை அன்றே சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து விடியற்காலையில் குளித்து, மடியாக ஈர வேட்டியோடு, கோயிலருகே உள்ள கிணற்றிலிருந்து அவளுக்குக் குடம் சுமந்தார். மழையிலும் சுமந்தார். "ஹெட் கிளார்க் உத்தியோகத்தோட இதுவுமா?" என்று மாடிப்படியில் ஒருநாள் குத்தினேன். "தெரியாம குடிக்க வெச்சா, அவ நம்பிக்கையைத் திருடினதா ஆகும், ஓய்" என்றார். என் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைப் பற்றி அப்போதும் பேச்சில்லை.

பாலக்காட்டிலிருந்து வந்த அவர் தம்பி காரியங்களை முடித்துவிட்டு நேற்று ரயிலேறினார். கூடப் போகத் தாயார் மறுத்துவிட்டாள். இன்று காலை நான் இறங்கி வந்தபோது, விசுவநாதன் வீட்டு வாசலில் குடம் காலியாக இருந்தது. திரும்ப மேலே போய்க் குளித்தேன். அவரை வைதுகொண்டேதான் கிணற்றுக்குப் போனேன்.

நிறைகுடத்தை வாசலில் இறக்கியதும், "யாரது?" என்றாள் உள்ளிருந்து.

"மேலாத்து சுந்தரம், மாமி."

"மடியாத்தானே கொண்டு வந்தே?"

"மடிதான்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் சுமந்த குடம் இனி என்னிடம் இருக்கும்.