ஐந்தாவது பாட்டில்

தென்காசியில் எங்கள் தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். தெருவின் கடைசியில் அந்தக் குழாய் சாக்கடைக்குள் இறங்கி ஏறுகிறது. அதைத் தாண்டி ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் நாறும். ஒரு வீட்டுக்காக யாரும் குழாயை மாற்றவில்லை.

ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு பெண்தான் எங்களைச் சேர்த்துத் தண்ணீருக்காக ஒரு குழு ஆரம்பித்தார். மனு எழுதி அலுத்துவிட்டது, இனி பரிசோதனை ரிப்போர்ட்டோடு போவோம் என்றார். நான் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறவன், அந்த முறை தண்ணீர் வந்த அன்று எனக்கு விடுமுறை. வீட்டு எண் ஒட்டிய ஐந்து பாட்டில்களை என்னிடம் தந்தார். கடைசி வீட்டுக்கு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க மற்ற வீடுகளில் நான்கு. மூடியின் உட்புறத்தை விரலால் தொடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

நான்கு வீடுகளில் ஆட்கள் வாசலில் நின்றார்கள். அவர்களே கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தார்கள். கடைசி வீட்டின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அந்த வீட்டு அம்மா ஃபோனில் யாரையோ வைதுகொண்டிருந்தார். கணவருக்கு வெளியூரில் வேலை. ஆண் இல்லாத வீட்டில், தெரு பார்க்க, என்னவென்று கூப்பிடுவது? கடையில் என்றால் கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும், நானாகப் பேச்சை ஆரம்பிக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து, தெரு முனையில் இருக்கும் என் வீட்டுக் குழாயில் அந்தப் பாட்டிலை நிரப்பினேன். எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அது எனக்குப் பொய்யென்று தெரியும்.

ஐந்தும் நல்ல தண்ணீர் என்று ரிப்போர்ட் வந்தது. வார்டுக் கூட்டத்தில் கவுன்சிலர் அதைத் தூக்கிக் காட்டினார்.

“உங்க குழு குடுத்த பாட்டில். இன்னும் என்ன வேணும்? குத்தாலத்துல இருந்து தனியா ஒரு அருவி இழுத்து விடணுமா?”

சிரித்தார்கள். கடைசி வீட்டு அம்மா எழுந்தார்.

“எங்க வீட்டுக்கு யாரும் பாட்டில் கொண்டுகிட்டு வரல.”

“அப்போ இது யாரு வீட்டு நம்பரு? ரோட்டைத் தோண்டணும்னு பொய்யும் சொல்லுதிய.”

ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்கதான போனிய? பிடிச்சியளா இல்லியா?”

“பிடிச்சேன்” என்றேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் அவருடைய மகளுக்கு மஞ்சள் காமாலை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று என் மனைவி சோறு போடும்போது சொன்னாள். என்னால் சாப்பிட முடியவில்லை. எழுந்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினார். “ஒரு கதவைத் தட்டக் கூச்சம். அத்தன பேரு முன்னால அவளப் பொய்க்காரி ஆக்குறதுக்குக் கூச்சம் இல்ல. நல்லா இருக்கு அண்ணாச்சி, உங்க கூச்சம்.”

இந்த முறை அவரே போய்ப் பிடித்தார். குடிக்க லாயக்கில்லை என்று வந்தது. ஆனால் பழைய ரிப்போர்ட்டும் ஃபைலில் இருந்ததே. அது தவறு என்று தண்ணீர் பிடித்தவரே எழுதிக் கொடுத்தால்தான் குழாயை மாற்ற முடியும் என்று நகராட்சி ஆபீஸில் சொன்னார்கள்.

எழுதினேன். கொடுப்பதற்கு முன் கடைசி வீட்டுக்குப் போனேன். மகள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து கட்டிலில் படுத்திருந்தாள். கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா வையவில்லை. கடிதத்தை வாங்கி வாசித்தார்.

“அஞ்சாவது பாட்டில்ல வேற வீட்டுத் தண்ணின்னு எழுதியிருக்கிய. நான் சொன்னது உண்மைன்னு எங்கனயும் இல்லியே.”

பேனா கொண்டுவந்து கொடுத்தார். படியில் உட்கார்ந்து அதையும் எழுதினேன்.

“இத ஆபீஸ்ல குடுத்தா ஃபைலுக்குள்ள போயிரும். கூட்டத்துல வாசிங்க.”

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். கடிதத்தைப் பிரித்தேன். பாதிவரை வாசித்தபோது பின்னாலிருந்து ஒருவர், “ஒண்ணும் கேக்கல. சத்தமா வாசியும்” என்றார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

மழை விட்ட பிறகு பள்ளம் தோண்டினார்கள். குழாயை மாற்ற இரண்டு நாள்தான் ஆனது.