சும்மா உட்காரத் தெரிந்தவன்

ஹார்டோக் பிளிட்ஸ் என் புருஷன். ஆம்ஸ்டர்டாமில் ஓர் இசைக்குழுவில் பின்வரிசையில் இருந்து பெரிய பித்தளைத் தட்டுகளை அடிப்பவன். அவனுக்குப் பிடித்த பாட்டில் தொண்ணூற்றைந்து தாளச் சுற்று சும்மா உட்கார்ந்திருப்பான். தொண்ணூற்றாறில் எழுந்து ஒரே ஓர் அடி. அவ்வளவுதான். மீன் கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வரும் எனக்கு வயிறு எரியும்.

"தூங்கி எந்திரிச்சு ஒரு தட்டு தட்டுறே. அதுக்குக் கோட்டு வேற" என்பேன்.

"தூங்கலடி, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பான். அதையும் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்.

அப்புறம் ஜெர்மன்காரன் வந்தான். எங்களைப் போன்ற யூதர்கள் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்றான், வேலையைப் பிடுங்கினான். நாற்பத்து மூன்றில் எங்கள் இருவரையும் வடக்கே பொட்டல்வெளியில் ஒரு முகாமில் கொண்டுபோய் அடைத்தான். செவ்வாய்தோறும் காலையில் அங்கிருந்து கிழக்கே ஒரு ரயில் போகும். போனவர்களிடமிருந்து கடுதாசி வராது. முகாம் அதிகாரிக்குச் சங்கீதப் பைத்தியம். கைதிகளை வைத்தே ஒரு குழு நடத்தினான். குழுவில் வாசிப்பவனையும் அவன் பெண்டாட்டியையும் ரயிலில் ஏற்றமாட்டார்கள். ஹார்டோக்கின் தட்டில்தான் எங்கள் உயிர் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்க வந்த அதிகாரி, இவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான், இவனுக்கு எதற்குத் தண்ட ரொட்டி என்று கேட்டானாம். நான் வருஷக்கணக்காகச் சொன்னதையே அந்தப் பாவியும் சொல்லியிருக்கிறான்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. செவ்வாய்ப் பட்டியலில் எங்கள் இருவரையும் எழுதச் சொல்லிவிட்டு, தட்டுகளைத் தன் சிப்பாய் ஒருவனிடம் கொடுத்துவிட்டான்.

நான் மூட்டை கட்டினேன். ஹார்டோக் கட்டவில்லை.

"அந்தச் சிப்பாய் அணிவகுப்பு பேண்டுக்காரன்டி. காலடிக்குக் காலடி அடிச்சுப் பழகின கை. சும்மா இருக்காது, பாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. சாகப்போகிற நேரத்தில் என்ன தெனாவட்டு இவனுக்கு!

திங்கள் மதியம் தலைமையகத்து விருந்தாளிகள் முன்னால், ஹார்டோக்குக்குப் பிடித்த அந்தப் பாட்டுக்கே முழு ஒத்திகை. நான் உருளைக்கிழங்கு உரிக்கும் சமையல்கட்டு மேடைக்குப் பின்புறம் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது, கதவிடுக்கில் மேடையும் தெரிந்தது. பிடில்கள் மெல்ல இழைந்துகொண்டிருக்கும்போது நட்டநடுவில் டமார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். மறுபடியும் டமார், முன்னைவிடச் சீக்கிரமாக. விருந்தாளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குழுவுக்குக் கோலசைத்துத் தாளம் காட்டிய மோனிக்கெண்டாமும் எங்களைப் போலக் கைதிதான். அவர் கையிலிருந்த கோலை இறக்கினார்.

"ஐயா, சும்மா உட்காரத் தெரிஞ்சவனை நீங்க வெளியே அனுப்பிட்டீங்க. அவனைக் கூப்பிடுங்க."

ஹார்டோக்கைக் கூட்டிவந்தார்கள். நானும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவனோடு எண்ணினேன். தொண்ணூற்றாறில் விழுந்தது பார் ஓர் அடி! அதிகாரி அங்கேயே பட்டியலிலிருந்து எங்கள் பெயர்களை அடித்தான். நான் உருளைக்கிழங்குத் தோல்மேல் உட்கார்ந்து அழுதேன். ஆனால் ரயிலில் தலைக்கணக்கு குறையக்கூடாது. எங்கள் இடத்தில் வேறு இரண்டு பெயர்களை எழுதினார்கள். யாரென்று எங்களுக்குத் தெரியாது.

போர் முடிந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பினோம். இசைக்குழு அவனுடைய நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தது. முதல் கச்சேரியில் அதே பாட்டு. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் எண்ணினேன். தொண்ணூற்றாறில் அடித்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்தான், ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. டிராமில் வீடு திரும்பும்போது கேட்டேன்.

"அதான் அடிச்சாச்சே, அப்புறமும் என்னத்த எண்ணினே?"

"தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டு" என்றான். "நம்ம இடத்துல போனாங்களே, அந்த ரெண்டு பேரு."