படகில் ஏழாவது ஆள்

மூன்று நாள் வகுப்பில் ஒருவர் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை நான் நம்பவில்லை. இன்றும் முழுதாக நம்பவில்லை. ஆனால் என் பேத்தி, பதினெட்டு முடிந்த கையோடு, ஜவ்வாது மலை ஏரியில் மோட்டார் படகு ஓட்டும் உரிமத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நீச்சல் தெரிய வேண்டும், பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும், கடைசியில் பரிசோதகர் முன்னால் ஆள் ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் அந்தப் படகுத்துறையிலேயே வேலை. தவறினால் ஒடுகத்தூரில் அவள் அம்மா சொல்லி வைத்திருக்கும் ஜவுளிக்கடை. அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் சோற்றுத் தட்டை நகர்த்திவிடுவாள்.

தேர்வு நாளன்று நானும் கூடப் போனேன். பரிசோதகர் சிரித்துக்கொண்டே இருந்தார். பரிசோதிக்க வந்தவர் எதற்குச் சிரிக்க வேண்டும்? கம்பியில் தொங்கிய லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணினேன். ஒன்பது. அதில் ஒன்று பொம்மைக்குத் தைத்ததுபோல் குட்டை. கணக்குக் காட்ட வாங்கிப் போட்ட சரக்கு என்று முடிவு செய்தேன்.

"இன்னா தாத்தா, மறுபடியும் எண்றியா? அதுங்க எங்கயும் ஓடாது."

"ஜாக்கெட்டு ஓடாது. வாங்குனவன் ஓடியிருப்பான்."

அமிர்திப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சவாரிக்குக் காத்திருந்தது. பரிசோதகர் அவர்களையே ஏறச் சொன்னார். அவருக்குச் சொந்தமோ என்று மூக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். கணவன், மனைவி, கணவனின் அம்மா. அப்புறம் பரிசோதகர், பேத்தி. உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். படகின் பக்கத்தில் 'ஓட்டுபவரோடு ஆறு பேர்' என்று எழுதியிருந்தது. சரியாக ஆறு.

பேத்தி இன்ஜினைத் தொடவில்லை. "ஏழு பேர் இருக்கோம்."

"ஆறுதான். ரெண்டு தடவ எண்ணிட்டேன்," என்றேன்.

அவள் அந்தப் பெண்ணின் மடியைக் காட்டினாள். குழந்தை ஒன்று முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு. "மடில இருக்கற கொயந்தைக்கு இன்னாம்மா கணக்கு? பஸ்லயே டிக்கெட் கேக்க மாட்டாங்க."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புதூர்நாட்டு ஜீப்பில் மடிமேல் மடியாகப் போயிருக்கிறேன். மடியை யாரும் எண்ணியதில்லை.

"கவுந்தா மடி எங்க இருக்கும்க்கா?" என்றாள் பேத்தி.

பரிசோதகரின் சிரிப்பு நின்றிருந்தது. நான் அவள் காதருகே குனிந்தேன். "அந்தாளு மூஞ்சப் பாரு. பேசாம எடு. ஜவுளிக்கடைக்குப் போகணுமா?"

"நீ எறங்கு தாத்தா."

"நானா?"

"கொயந்தையோட எடத்துல நீதான் ஒக்காந்துகினு இருக்க."

"எறங்குங்க பெரியவரே, உங்க பேத்தியப் பத்தரமா கூட்டினு வர்றோம்," என்றார் அந்த மாமியார்.

இறங்கினேன். பேத்தி போய் அந்தக் குட்டை ஜாக்கெட்டை எடுத்துவந்து குழந்தைக்கு மாட்டினாள். அளவெடுத்ததுபோல் இருந்தது. படகு ஏரியைச் சுற்றி வரும்வரை கரையில் நின்று ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். போகும்போது ஆறு, திரும்பும்போது ஆறு.

"தேறிட்டாங்க," என்றார் பரிசோதகர்.

"கொயந்தையப் பாத்துட்டுத்தானே அவங்கள ஏத்துனீங்க?" என்று கேட்டேன். மறுபடி சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை தெரியவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது பஸ்ஸில் மடிகளையும் சேர்த்து எண்ணினேன். இருக்கைகளைவிடப் பதினான்கு பேர் அதிகம். எழுந்துபோய்க் கண்டக்டரிடம் சொன்னேன். பேத்தி என்னைத் தெரியாதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.