கல் இருந்த மூட்டை

ராயபுரத்தில் வீட்டைப் பூட்டியபோது எங்களிடம் ஏழு உருப்படி இருந்தது. அரிசி ஒன்று, கருவாடு ஒன்று, துணி இரண்டு, பாத்திரம் ஒன்று, மெழுகுவத்தி ஒன்று. ஏழாவது, கல்.

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம். என் மகனின் பெயரும் இரண்டு தேதிகளும் வெட்டிய கருங்கல் பலகை. அந்தமானில் நீல் தீவுக்குப் படகு வேலைக்குப் போனவன், அங்கேயே காய்ச்சலில் போனான். அப்போது மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். எங்களால் போக முடியவில்லை. அவனைப் புதைத்த இடம் தெரிந்தவன், கூட வேலை செய்த காசிமேட்டுக்காரன் ஒருவன்தான். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அவனும் தீவை விட்டுக் கிளம்புகிறான். அதற்குள் கல்லை நட்டுவிட வேண்டும்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல் சரக்கை எண்ணி எழுதியவன் நான். ஏழையும் ஒரே அளவுச் சாக்கில் நானே தைத்தேன். ஒரே மாதிரி இருந்தால் எண்ண வசதி.

"எல்லாம் ஒரே மாறி கீது. எதுல இன்னா கீதுன்னு எப்டிங்க கண்டுக்கிறது?" என்றாள் மனைவி.

"எண்ணிக்கை சரியா இருந்தா போதும்."

கப்பலில் மூன்று இரவு. போர்ட் பிளேரில் ஹாவ்லாக் தீவுக்குப் போகும் படகுக்காகக் காத்திருந்தபோது, மெழுகுவத்தி மூட்டை எடையில்லாமல் உருண்டது. அதைக் கல் மூட்டையோடு சேர்த்துக் கயிறு போட்டேன். ஒரு கயிற்றில் இரண்டு இருந்தால் ஒன்று என்று எழுதுவது எங்கள் துறைமுக வழக்கம். நோட்டில் ஏழை அடித்து ஆறு என்று எழுதினேன்.

படகில் மூட்டைகள் முன்பக்கம் தார்ப்பாயின் கீழ், நாங்கள் உள்ளே. மனைவி நான்கு முறை வாந்தி எடுத்தாள். ஹாவ்லாக்கில் இறங்கி நீலுக்கு வேறு படகு ஏற வேண்டும். மழை. கூலியாள் மூட்டைகளை இறக்கி அடுத்த படகில் ஏற்ற, குடைக்குள் நின்றபடி எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு. நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன்.

நீலில் காசிமேட்டுக்காரன் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"நைனா, ஆறையும் ஒத்தக் கையில தூக்கிட்டேன். எதுலயும் கல்லு இல்ல."

முதல் படகில் வேலை செய்பவனை அவன் போனில் பிடித்துக் கொடுத்தான்.

"கயித்த அறுத்தது நாங்கதான், பெரியவரே. கனமா இருந்துச்சு, அடியில வச்சோம். ஹாவ்லாக்ல ஒரு லாட்ஜுக்குத் தரைக்கல்லு நாப்பது மூட்டை எறக்குனாங்க, மூட்டைக்கு ஒரு கல்லு. அதோட போயிருக்கும்."

மனைவி என்னைப் பார்த்தாள். "கப்பலுக்கே கணக்கு எழுதின ஆளு! பெத்த புள்ளய வுட்டுட்டு மெழுவத்திய எண்ணிக்கினு வந்துகீறியேய்யா."

கடல் கொந்தளிப்பால் இரண்டு நாள் படகு ஓடவில்லை. கல்லறைத் திருநாளன்று காசிமேட்டுக்காரன் தென்னைகளுக்கு நடுவே மணல்மேடு ஒன்றைக் காட்டினான். பெயரில்லாத மேடுகள் அங்கே பதினான்கு இருந்தன. "சிலுவ நட்டேன் நைனா. கரையான் தின்னுடுச்சி. இந்த மழ போனா இதுவும் சமமாப் பூடும்." மெழுகுவத்தி நிற்கவில்லை, காற்று. மறுநாள் முதல் படகில் அவன் போனான்.

அதே படகில் நாங்களும் ஹாவ்லாக்கில் இறங்கினோம். போர்ட் பிளேர் படகு கிளம்புவதற்குள் திரும்ப வேண்டும் என்று, மனைவியைப் படகுத்துறையில் உட்காரவைத்துவிட்டு லாட்ஜைத் தேடிப் போனேன். சாப்பாட்டுக் கூடத்துக்குத் தரை போட்டு முடித்திருந்தார்கள். சிமெண்டு காய்ந்திருந்தது. எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லாம் ஒன்றரைக்கு ஒன்று. எழுத்து எதிலும் இல்லை. மகனின் கல்லை எழுத்து அடியில் போகக் கவிழ்த்துப் பதித்திருக்க வேண்டும்.

மேஸ்திரி மதுரைப் பக்கத்துக்காரர். முழுதும் கேட்டுவிட்டுக் கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"எந்தக் கல்லுன்னு காட்டுங்கய்யா, ஒண்ணுன்னா பேத்துத் தாரேன்."

ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பத்தொன்பதாவதுக்கு வந்தபோது படகின் சங்கு ஊதியது.