இரும்பு வேண்டாம் என்றவர்

ஜமுனாமரத்தூரிலிருந்து கணியம்பாடி வழியாக இறங்கும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். இடது காலில், நடக்க உதவும் காலிப்பர், தொடைவரை இரும்புப் பட்டை வைத்தது, போட்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்னவென்று கேட்டதும் எடுத்துக் காட்டினார்: இருபது முகமுள்ள பகடை ஒன்று.

ஞாயிறுதோறும் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டாம். அதில் இவர் ஏற்ற பாத்திரம் ட்ரூயிட், அதாவது காட்டு மந்திரவாதி. ட்ரூயிட் உலோகக் கவசம் அணியக் கூடாது என்பது விதி. போன வார ஆட்டத்தில், தோல் கவசத்தைத் துளைத்த அம்பால் அந்த மந்திரவாதி சாகக் கிடந்தாராம்.

"வர்ற ஞாயித்துக்கெழம இருபது விழுந்தா எழுந்துப்பேன் சார். சின்னதா விழுந்தா காலி. நாலு வருசமா வளத்த ஆளு. பசங்க, 'இரும்புக் கவசம் போட்டிருந்தன்னு கதைய மாத்திக்கலாம் மச்சான், வுடு'ன்றானுங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"ஏங்க?"

காலிப்பரை விரலால் தட்டிச் சிரித்தார்.

"நாள் பூரா இத்த மாட்டிக்கினு சுத்துறேன். அங்கயுமா சார்?"

கணியம்பாடியில் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார்.

நடக்காததை டைரியில் எழுதும் வழக்கம் எனக்கில்லை. இருந்தும் அன்றிரவு, வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி ஒரு வரி எழுதினேன்: அவருக்கு இருபது விழ வேண்டும்.