அறுப்பின் பண்டிகைக்கு ஷாரோன் கொண்டுவந்த குப்பி

என் தங்கை ஷாரோன் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "மருந்து கம்பெனியில இருக்கறா" என்று அம்மா சொல்லிவிடுவார். அது சரியில்லை. அவள் செய்வது மருந்து அல்ல. சபை மலருக்காக அவளைப் பற்றி எழுதச் சொன்னபோது, முதலில் இதைச் சரியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். நான் எட்டாவதோடு நின்று டைல்ஸ் ஒட்டப் போனவன். அதனால் அவளிடமே கேட்டு எழுதி, படித்துக் காட்டி, அவள் சொன்ன இடங்களில் திருத்தியும் இருக்கிறேன்.

நம் உடம்பில் நோயை எதிர்க்கும் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்கின்றன. வருகிற சேதியைப் பிடிக்க, செல்லின் மேல் ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் ஏற்பி. ஷாரோன் வேலை பார்க்கும் இடத்தில் ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் தனியாகச் செய்கிறார்கள். அதற்கான மரபணுவைக் குடுவையில் வளரும் செல்களுக்குள் செலுத்தினால், அவை அந்தப் புரதத்தைச் செய்து, தாங்கள் மிதக்கும் நீரிலேயே விட்டுவிடும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தி, சுண்டுவிரல் நுனி அளவுள்ள குப்பிகளில் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். மனிதருக்குக் கொடுப்பதற்கல்ல என்று குப்பியின் மேலேயே எழுதியிருக்கும்.

எங்கள் வீடு கூரம் காலனியில். அம்மா கங்கையம்மாள் நாற்று நட்டு எங்களை வளர்த்தார். ஷாரோன் காஞ்சிபுரத்தில் கல்லூரி படித்தபோது சைக்கிளில் போய்வந்தாள். மழைக்காலத்தில் நான் டைல்ஸ் பெட்டியிலிருந்து உருவிக்கொடுத்த பிளாஸ்டிக் உறையில்தான் அவள் புத்தகங்கள் போகும். புத்தகம் நனையாது, அவள் முழுக்க நனைந்து வருவாள். பிறகு சென்னையில் மேல்படிப்பு, அப்புறம் இந்த வேலை.

முதலில் மற்றவர்கள் செய்வதற்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்தாள். பிறகு மேலாளர் ராம்ப்ரஸாத் அவளை நம்பி ஒரு புது ஏற்பியை ஆரம்பம் முதல் கடைசிவரை செய்யக் கொடுத்தார். அவர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். இரண்டு தடவை செய்தாள், இரண்டு தடவையும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போயிற்று.

கடைசிச் சோதனைக்கு ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஏற்பி தன் சேதியைப் பிடித்தால் குழியில் மஞ்சள் நிறம் வரும். பிடிக்காவிட்டால் தண்ணீர் போலவே இருக்கும். இரண்டு தடவையும் தண்ணீர்தான்.

"மூணாவது தடவையும் வரலைன்னா இத வேற டீமுக்குக் குடுத்துடுவாங்கண்ணா. நான் பழையபடி லேபிள் ஒட்டினு இருக்க வேண்டியதுதான்" என்றாள்.

அந்த மூன்றாவது தடவைதான் அறுப்பின் பண்டிகையோடு வந்து சேர்ந்தது. எங்கள் சபையில் அவரவர் உழைப்பின் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். நான் டைல்ஸில் சிலுவை வெட்டி வைப்பேன். பட்டுக் கடைக்குப் புடவைக் குஞ்சம் கட்டும் இந்திராணி அக்கா குஞ்சச்சரம் வைப்பார். ஷாரோன் வருஷாவருஷம் கடைத் தேங்காய்.

"காசு குடுத்து வாங்கின தேங்கா உன் பலனாடி? உன் கை செஞ்சது ஒண்ணுமே இல்லியா?" என்று அம்மா இந்த முறை மடக்கிவிட்டார்.

ஷாரோன் தயங்கித் தயங்கி மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். மூன்றாவது தடவை செய்ததில் அளவு குறைவாக விழுந்ததால் கழித்துக்கட்ட வைத்திருந்த ஒரு குப்பியை அவர் எடுத்துக் கொடுத்தார்.

"எடுத்துண்டு போம்மா. ஏலம் எடுக்கறவர் தீர்த்தம்னு குடிச்சுடப்போறார், அதை மட்டும் பாத்துக்கோ."

சனிக்கிழமை சாயங்காலம் அதை என்னிடம் காட்டினாள். குப்பியின் அடியில், கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம். அவ்வளவுதான்.

"நாளைக்கு எங்க லேப்ல ஜீவிதா டூட்டி. அவ டெஸ்ட் பண்ணி ஃபோன் பண்ணுவா. நல்லா வந்திருந்தா இத வெப்பேன். இல்லன்னா தேங்காதான்" என்று சொல்லி ஷோகேஸில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவோடு முன்னாலேயே போய்விட்டாள். ஏலம் ஆரம்பித்தது. பூசணி போயிற்று, சேவல் போயிற்று. ஏலம் விடும் மணிவண்ணன் மேஜையில் துழாவி எதையோ தூக்கிப் பிடித்தான்.

"இன்னாப்பா இது, சொட்டு மருந்து டப்பா?"

"மரியாதையா பேசுடா மணி, எங்க ஷாரோன் செஞ்சது" என்றார் அம்மா, பெண்கள் பக்கத்திலிருந்து.

"உள்ள ஒண்ணுமே காணோமே அத்தை!"

"கண்ணுக்குத் தெரியாதாம். அவ்ளோ படிச்சவங்களே பாடுபட்டுச் செய்றாங்கோ, உனக்குத் தெரிஞ்சுடுமா?"

பாடகர் குழுவிலிருந்து எழுந்து வந்த ஷாரோன் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யாருண்ணா வெச்சது? இன்னும் ஃபோன் வரலியே!" என்று முன்னால் ஓடிப்போய்க் குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டது.

"அம்மா, இதுல தண்ணி எப்டி வந்துது?"

"நேத்து பூசணிக்கா, தேங்கா எல்லாம் கழுவறப்போ அதையும் தொறந்து கழுவினேன். உள்ள வெள்ளையா அழுக்கு ஒட்டினு இருந்துது. ஆண்டவர் சமூகத்துல அழுக்கோடவா வெப்பாங்க?"

"அந்த அழுக்குதாம்மா நான் செஞ்சது!"

ஆயர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கோயிலே குலுங்கியது. அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கழுவின தண்ணிய எங்க அத்தை ஊத்தின?" என்றான் மணிவண்ணன்.

"கருவேப்பிலச் செடிக்கு."

"அப்போ அந்தச் செடிக்கு இனிமே ஜொரமே வராது!"

ஷாரோனும் சிரித்தாள். ஆனால் ஒரு கை ஃபோனை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அது அடித்ததும் வெளியே ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன். ஜீவிதாவின் குரல் எனக்கே கேட்டது.

"பிடிச்சிக்கிச்சிக்கா! ரெண்டு தட்டுல போட்டுப் பாத்தேன், ரெண்டுலயும் பிடிச்சிக்கிச்சி! படம் அனுப்பினேன், பாருங்க."

பார்த்தோம். ஒரு ஓரத்தில் நல்ல மஞ்சள், குழிக்குக் குழி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மறு ஓரத்தில் தண்ணீர். ஏற்பியின் அளவைக் குறைக்கக் குறைக்க நிறமும் அப்படித்தான் படிப்படியாகக் குறைய வேண்டுமாம். ஒரு குழிகூடத் தவறவில்லை. பின்னாலேயே வந்த அம்மா எட்டிப் பார்த்து, "பிள்ளையார்பாளையத்துல பட்டுக்கு மஞ்சச் சாயம் போட்டு வரிசையா தொங்கவுட்ட மாதிரி இருக்குது" என்றார். ஷாரோன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கழுவிய குப்பியையே உள்ளே ஏலம் விட்டார்கள். எடுத்தவர்கள் எல்லாரும் பணத்தைக் கட்டிவிட்டு "சபைக்கே" என்று திருப்பிக் கொடுத்ததால் அது மேஜைக்குத் திரும்பித் திரும்பி வந்தது. கடைசியில் அம்மா எடுத்துத் திருப்பிக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அடுத்த வருஷம் கண்ணுக்குத் தெரியற மாதிரி கொஞ்சம் பெருசா செய்யேன்டி" என்றார்.

"நீ கழுவாம இரு, பாக்கலாம்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் ராம்ப்ரஸாத் கேட்ட முதல் கேள்வி, "யாராவது தீர்த்தம்னு குடிச்சாளா?"

"கறிவேப்பிலைச் செடி குடிச்சுது சார்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்து முடித்ததும், அடுத்த ஏற்பியையும் அவளே செய்யட்டும் என்று சொல்லிவிட்டாராம்.